ஜெல் நகத்தில் பதித்த கல் உதிராமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறை_நகக்கலை

எல்லாருக்கும் வணக்கம். தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டை ஒட்டிய அறையில் நெயில் ஆர்ட் செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பாலக்காட்டு சித்தூர், வேலந்தாவளம் பக்கம். மீதிப் பேர் கோபாலபுரம், பொள்ளாச்சி. ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் இரண்டு பக்கத்துக் கல்யாணமும் ஒன்றாக வந்துவிடும். அதற்கு முன்னால் இந்த விஷயத்தில் தெளிவு வேண்டும்.

ஜெல் பாலிஷ் மூன்று வாரம் ஓரம் தூக்காமல் நிற்கிறது. கல்தான் தொந்தரவு. மோதிர விரலில் நடுவே ஒரு பெரிய கல், சுற்றிச் சின்னக் கற்கள். இப்போது எல்லாப் பெண்களும் கேட்பது இதைத்தான். முதல் வாரத்திலேயே பெரிய கல் போய்விடுகிறது. வேறு இடத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் ரிப்பேருக்கு வருகிறவர்களுக்கும் இதே கதைதான். ஒருத்தர் நெயில் க்ளூ என்கிறார், இன்னொருத்தர் டாப் கோட்டிலேயே (கடைசி மேல்பூச்சு) வைத்து க்யூர் பண்ணு (லேம்ப் வெளிச்சத்தில் இறுக்கு) என்கிறார், மற்றொருத்தர் கல் பதிக்கவென்றே வரும் கெட்டியான ஸ்டோன் ஜெல் இல்லாமல் தொடவே கூடாது என்கிறார்.

ஒன்று கவனித்தேன். கல் விழுந்த இடம் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. ஒட்டியது அத்தனையும் கல்லோடு போய்விடுகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

---

களியக்காவிளை_சேச்சி

தங்கச்சி, கடைசியில் நீங்கள் சொன்னதுதான் முக்கியம். கல் உதிர்ந்தால் உடனே புதுக் கல் ஒட்டாமல், முதலில் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும். எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அந்த இடமே சொல்லிவிடும்.

நகம் பளபளப்பாக இருந்து ஒட்டியதெல்லாம் கல்லின் முதுகோடு வந்திருந்தால், கீழே பிடிமானம் இல்லை. துடைக்கத் தேவையில்லாத டாப் கோட் போட்டு, க்யூர் பண்ணி, அதன் மேலேயே கல் வைத்திருப்பார்கள். அந்த டாப் கோட் வழவழப்பாக முடிவதற்கென்றே செய்தது. அதன் மேல் எதுவும் பிடிக்காது.

நகத்தின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு வட்டம் தங்கி, கையில் வந்த கல் வெறும் கண்ணாடியாக இருந்தால், உங்கள் வேலையில் குறை இல்லை. கல்லின் முதுகில் பூசிய வெள்ளிப் பூச்சே உரிந்திருக்கிறது. மட்டமான கல்.

மூன்றாவதுதான் கவலைப்பட வேண்டியது. விழுந்த இடத்தைக் குச்சியால் தொட்டால் பிசுபிசுவென்று ஈரமாக இழுக்கும். கல்லுக்கு அடியில் ஜெல் வேகவே இல்லை என்று பொருள். வெள்ளி முதுகு உள்ள கல் வழியாக லேம்ப் வெளிச்சம் கீழே போகாது. பக்கவாட்டில் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுதான் கெட்டியாகும். நிறையப் பேர் கல் விழக்கூடாது என்று பயந்து அடியில் ஜெல்லைக் குவிக்கிறார்கள். அந்தக் குவியலின் நடுப்பகுதி நாள் கணக்கில் பச்சையாகவே கிடக்கும்.

உங்களுடையது முதல் வகை. அதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. கலர் க்யூர் ஆனதும் மேலே ஒட்டும் பிசுபிசுப்புப் படலம் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மேல்தோல் மட்டும் முழுதாக இறுகாமல் நிற்பதுதான் அது. அதைத் துடைக்காமல் அதன் மேலேயே ஸ்டோன் ஜெல் வைத்துக் கல்லைப் பதிக்கலாம். அல்லது நகம் முழுக்க டாப் கோட் போட்டுவிட்டு, கல் உட்காரும் இடத்தை மட்டும் 180 எண் பஃபரால் (நகம் தேய்க்கும் கட்டை) தேய்த்து மங்கலாக்கி, தூசியைத் தட்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பதிக்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. எந்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும், ஓரமும் சுத்தமாக வரும்.

---

நகரி_தறிவீதி

அக்கா சொல்வது சரிதான். ஆனால் நெயில் க்ளூவை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். நான் நகரியில் இருக்கிறேன். இங்கே பாதி வீட்டில் தறி ஓடும். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து, முகூர்த்தம் முடிந்ததும் கழற்றிவிடப் போகிறேன் என்று சொல்லிப் போட்டுக்கொள்பவர்கள்தான் எனக்கு அதிகம். ஒட்டு நகத்தில் முன்னாடியே டிசைன் செய்து வைத்துக் கொடுக்கிறேன். அதற்கு க்ளூ போதும். லேம்ப் வேண்டாம், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஒரு நாளைக்குள் கல் விழுந்ததாக யாரும் வந்து சொன்னதில்லை.

---

களியக்காவிளை_சேச்சி

நகரித் தங்கச்சி, ஒரு நாள் ஒட்டு நகத்துக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். மூன்று வாரம் நிற்க வேண்டிய ஜெல் நகத்துக்குத்தான் வேண்டாம் என்கிறேன்.

நெயில் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். 1958-இல் கடைக்கு வந்த அந்த உடனடிப் பசையின் குடும்பம்தான். இழுத்தால் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தட்டினால் படக்கென்று விட்டுவிடும், ஏனென்றால் அதற்கு வளையத் தெரியாது. நகம் வளையும், ஜெல்லும் கூடவே வளையும், நடுவில் இருக்கும் க்ளூ மட்டும் விறைப்பாக நிற்கும். பீரோக் கதவில் ஒரு இடி, வண்டிச் சாவியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். தினம் பாத்திரம் கழுவும் கை என்றால் தண்ணீரும் அந்தப் பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும்.

இன்னொன்று, அதிகமாக வைத்தால் காயும்போது கிளம்பும் ஆவி கல்லின் மேல் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். புதுக் கல்லே மங்கலாகத் தெரியும். புழுக்கம் அதிகமான நாளில் இது இன்னும் மோசம். எங்கள் பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நன்றாகவே தெரியும்.

க்ளூ பயன்படுத்துகிற எல்லாரும் ஒன்றை மறக்க வேண்டாம். சிந்திய க்ளூவைப் பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சோடு, பருத்தித் துணியோடு சேர்ந்தால் அது வேகமாகச் சூடேறும், விரல் வெந்துபோகும் அளவுக்கு. பஞ்சு ஒட்டிய டிஷ்யூவும் வேண்டாம்.

---

செங்கோட்டை_சாரல்

நான் செங்கோட்டையில் பார்லர் வைத்திருக்கிறேன். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். சீசனில் குற்றாலத்துக்கு வரும் பெண்கள் நகம் போட்ட கையோடு அருவிக்குப் போவார்கள். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், காய்ந்ததும் சுருங்கும். மேலே இருக்கும் ஜெல் அந்த அளவுக்கு அசையாது. ஓரம் தூக்க ஆரம்பிப்பதே இந்த இழுபறியில்தான். அதனால் நகம் போட்ட அன்றைக்கே அருவிக் குளியல் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

எனக்கு ஒரு கேள்வி. நான் எல்லாக் கல்லின் மேலேயும் டாப் கோட்டை நிறையவே ஊற்றி மூடிவிடுகிறேன். விழுவதே இல்லை. மூடினால் பளபளப்பு போய்விடும் என்கிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமா?

---

கல்_தேடி

செங்கோட்டை அக்கா, ஆமாம், பெரிய விஷயம்தான். நான் நெயில் ஆர்ட்டிஸ்ட் இல்லை. திருவனந்தபுரத்தில் பிரைடல் பிளவுஸுக்கும் நகத்துக்கும் கல் வாங்கி மொத்தமாகக் கொடுக்கிறேன். சொந்த ஊர் பாறசாலை.

கல் மின்னுவதற்குக் காரணம் காற்றுக்கும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம். வெளிச்சம் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது வளைந்து, பட்டைகளில் மோதி, முதுகிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பி வருகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. இறுகிய ஜெல்லுக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். ஜெல்லால் மூடிவிட்டால் பட்டை வெட்டியதையே வெளிச்சம் கண்டுகொள்ளாது. பட்டை வெட்டிய கல்லுக்குக் காசு கொடுத்துவிட்டு வழவழப்பான வெள்ளிப் பொட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால் தட்டையான கல், அரை முத்து, உலோகப் பொட்டு இவற்றை மூடுங்கள். அவற்றுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பட்டைக் கல்லின் மேல்பகுதியை மட்டும் தொடாதீர்கள்.

---

களியக்காவிளை_சேச்சி

கல்_தேடி தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கல்லை மூட வேண்டாம், கட்ட வேண்டும். ஆசாரி தங்கத்தில் கல் பதிக்கும்போது சுற்றி விளிம்பு எழுப்பிப் பிடிப்பார் அல்லவா? அதே வேலைதான். கல்லின் இடுப்பு, அதாவது பட்டைகள் சரிய ஆரம்பிக்கும் அகலமான இடம், அதுவரை ஜெல் ஏறி ஒரு மெல்லிய வளையமாக நிற்க வேண்டும். பிடிப்பு முழுவதும் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. வெளிச்சமும் அங்கே நேராகப் படும் என்பதால் அது முழுதாக வேகும். கல்லுக்கு அடியில் இருக்கும் ஜெல் கல்லை உட்கார வைப்பதற்கு மட்டும்.

---

கொழிஞ்சாம்பாறை_நகக்கலை

இது எனக்குப் புதிதாக இருக்கிறது சேச்சி. ஆனால் பெரிய கல்லில் இது எப்படி நடக்கும்? எஸ்எஸ் 20 அளவுக் கல் வைத்தால் நடுப்பகுதி நகத்தில் உட்காருகிறது, இரண்டு பக்கமும் அந்தரத்தில் நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் தலைமுடி சிக்குகிறது, முடியை இழுக்கும்போது கல்லும் வந்துவிடுகிறது.

---

கல்_தேடி

அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எஸ்எஸ் 20 கல் ஏறக்குறைய 4.7 மி.மீ. அகலம். நகத்தின் வளைவை 7 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் துண்டு என்று வைத்துக்கொண்டால், தட்டையான அந்த முதுகின் இரண்டு ஓரமும் நகத்திலிருந்து கிட்டத்தட்ட 0.4 மி.மீ. தூக்கி நிற்கும். ஒரு முடி தாராளமாக நுழையும், சோற்றுப் பருக்கையின் துணுக்கும் நுழையும். எஸ்எஸ் 5 என்றால் அகலம் 1.8 மி.மீ.; இடைவெளி 0.1-ஐக்கூடத் தொடாது. சின்னக் கல் ஏன் விழுவதில்லை, பெரிய கல் ஏன் முதலில் போகிறது என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

பெட்டிமேல் அளவு பார்த்து வாங்குகிறவர்களுக்காக: எஸ்எஸ் 3 சுமார் 1.4 மி.மீ., எஸ்எஸ் 10 சுமார் 2.8, எஸ்எஸ் 16 சுமார் 4.

---

களியக்காவிளை_சேச்சி

பெரிய கல் வைக்கும் முறையை முழுதாகவே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கெட்டியான ஸ்டோன் ஜெல் எடுங்கள். தூரிகையில் எடுத்துக் கவிழ்த்தால் ஒழுகக் கூடாது. நகத்தைத் தடிப்பாக்கப் போடும் சாதாரணப் பில்டர் ஜெல் வெயிலில் இளகி ஓடும். பாலக்காட்டு மேட மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அதை வைத்துக் கல் பதிக்கப் போனால், கல் க்யூட்டிக்கிள் (நகத்தின் அடித்தோல்) பக்கமாக நகர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். டப்பாவை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். வெயிலிலும் புற ஊதாக் கதிர் இருக்கிறது, ஜெல் டப்பாவுக்குள்ளேயே தோல் கட்டும்.

மங்கலாக்கிய இடத்தில் கல்லைவிடக் கொஞ்சம் அகலமாக, மெல்லிய மெத்தையாக ஜெல் வையுங்கள். நடுவில் குறைவாக, இரண்டு பக்கமும் கூடுதலாக. கல்லை மெழுகுப் பென்சிலால் எடுத்து, நேராக இறக்கி, பின்பக்கத்தால் மெதுவாக அழுத்துங்கள். பக்கங்களில் ஜெல் பிதுங்கி வந்து கல்லின் இடுப்பைத் தொட வேண்டும். பிதுங்கவில்லை என்றால் ஜெல் போதவில்லை. பட்டைக்கு மேல் ஏறிவிட்டால் அதிகம். ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த மெல்லிய தூரிகையால் க்யூர் ஆவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். இறுகிய பிறகு பட்டையிலிருந்து அதை எடுக்க முடியாது.

அடுத்து லேம்ப். கல் நகராமல் இருக்கப் பத்து விநாடி காட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் சுற்றியுள்ள சின்னக் கற்களை வையுங்கள். அவை அழகுக்கு மட்டும் இல்லை. பெரிய கல்லின் தூக்கிய ஓரத்தை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்துப் பிடிப்பவையும் அவைதான். கற்களுக்கு நடுவிலுள்ள சந்துகளில் மெல்லிய தூரிகையால் ஜெல் விடுங்கள். எல்லாம் முடிந்ததும் முழு நேரம் க்யூர். கையை ஒரே நிலையில் வைக்காமல் ஒரு முறை இடப்பக்கம் சாய்த்து, ஒரு முறை வலப்பக்கம் சாய்த்துக் காட்டுங்கள். கல்லின் நிழல் விழும் பக்கத்துக்கும் வெளிச்சம் போக வேண்டும்.

பெரிய கல்லில் ஜெல் கூடுதலாக இருப்பதால் இறுகும்போது சூடேறும். பெண் கையை வெடுக்கென்று இழுப்பாள். அதனால் ஐந்து விநாடி உள்ளே, எடுத்துவிட்டு மறுபடி உள்ளே என்று மெதுவாகத் தொடங்குங்கள்.

கடைசியில் சோதனை. ஒரு பருத்தித் துணியைக் கல்லின் மேல் நான்கு பக்கமிருந்தும் இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே சந்து இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு துளி விட்டு மறுபடி க்யூர். நூல் மாட்டாத நகத்தைத்தான் நான் வாசலைத் தாண்ட விடுவேன்.

இடமும் முக்கியம். நுனியில் பெரிய கல் வைக்காதீர்கள். நுனிதான் எல்லாவற்றிலும் இடிக்கும். க்யூட்டிக்கிளுக்குக் கொஞ்சம் தள்ளி, ஜெல்லின் மேடு இருக்கும் இடத்துக்குப் பின்னால் வையுங்கள். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும். பின்னால் வைத்த கல் இரண்டு மூன்று வாரத்தில் நடுவுக்கு வரும், அப்போது வளர்ந்த இடத்தை ஜெல்லால் நிரப்பும் இன்ஃபில்லுக்கு அழைத்துவிடலாம்.

---

நகரி_தறிவீதி

துணிச் சோதனை எங்கள் ஊருக்கென்றே சொன்னது போல இருக்கிறது அக்கா. தறியில் இழை முடிகிற பெண்களுக்கு நகத்தில் நூல் மாட்டினால் அன்றைய கூலியே அடிபடும். அவர்களுக்கு நான் பெரிய கல் வைப்பதே இல்லை. எஸ்எஸ் 3, எஸ்எஸ் 5 மட்டும், அதுவும் இடது கைச் சுண்டு விரலில். இந்த வளையம் கட்டும் முறையைச் செய்து பார்க்கிறேன்.

லேம்ப் பற்றி ஒரு சந்தேகம். பவர் பேங்கில் ஓடும் சின்ன லேம்பில் இது சரியாக வேகுமா?

---

செங்கோட்டை_சாரல்

ஒரே விரலுக்கு, மெல்லிய ஜெல்லுக்கு ஓரளவு சரி. கல்லோடு சேர்த்து முழுக் கைக்கும் அதை நம்பாதீர்கள். வாட் மட்டும் பார்த்தால் போதாது, எந்த அலைநீளம் என்பதும் முக்கியம். பழைய யூவி லேம்ப் 365 நானோமீட்டர், எல்இடி என்றால் 395 முதல் 405 வரை. இப்போது பலவற்றில் இரண்டும் சேர்ந்தே வருகிறது. உங்கள் ஜெல்லுக்கு எந்த லேம்ப், எத்தனை விநாடி என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அதை மாற்றாதீர்கள்.

கட்டை விரலைத் தனியாக க்யூர் பண்ணுங்கள். நாலு விரலோடு சேர்த்து உள்ளே விட்டால் அது பக்கவாட்டில் திரும்பித்தான் நிற்கும். கட்டை விரல் கல்லே எப்போதும் முதலில் விழுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

---

பாறசாலை_சிஸ்டர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தோல் மருத்துவப் பிரிவில் நர்ஸ் வேலை. வேகாத ஜெல் பற்றிச் சேச்சி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், தயவுசெய்து கேளுங்கள்.

வேகாத ஜெல்லில் மெத்தாக்ரிலேட்டுகள் இருக்கின்றன. அதில் அதிகம் பேசப்படுவது ஹேமா (HEMA) என்ற வேதிப்பொருள். சின்ன மூலக்கூறு, தோலுக்குள் எளிதாகப் போகும். ஒவ்வாமை வந்துவிட்டால் விரல் நுனி அரிக்கும், சிவக்கும், வெடிக்கும், சிலருக்குக் கொப்புளம். நகம் சதையிலிருந்து பிரிந்து மேலே வரும். கையை முகத்தில் வைக்கும் பழக்கத்தால் கண் இமை வீங்கி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நகத்தின் மேல் சந்தேகமே வந்திருக்காது.

ஒரு முறை உடம்பு இதை எதிரியாகப் பதிந்துகொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அப்படியேதான். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்றும்போது வைக்கும் எலும்புச் சிமெண்ட்டிலும் இதே குடும்பம் இருக்கிறது. இருபது வயதுப் பெண்ணுக்கு நகத்தால் வந்த ஒவ்வாமை அறுபது வயதில் முட்டி அறுவை சிகிச்சையின்போது கேள்வியாக வந்து நிற்கலாம்.

இதில் கல்யாணப் பெண்ணைவிட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அவள் எப்போதாவது ஒரு முறை தொடுகிறாள், நீங்கள் தினம் தொடுகிறீர்கள். பிதுங்கிய ஜெல்லை விரலால் துடைப்பது, ஜெல் பட்ட தூரிகையை உள்ளங்கையில் வைத்துச் சீவுவது, இரண்டையும் நிறுத்துங்கள். மெல்லிய கையுறை போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். இந்த மூலக்கூறு சில நிமிடத்தில் அதையும் தாண்டும். ஜெல் பட்டதும் கையுறையை மாற்றுங்கள். தோலில் பட்டுவிட்டால் லேம்பில் காட்டுவதற்கு முன்பே துடையுங்கள்.

2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஹேமா உள்ள நகப் பொருளைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற வேதிப்பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுசாதனங்களில் தடையே செய்துவிட்டார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

---

செங்கோட்டை_சாரல்

சிஸ்டர், எங்களிடம் வருகிறவர்களில் இப்படி அரிப்பு என்று சொன்னவர் யாரும் இல்லை. இதையெல்லாம் சொல்லி வருகிற வாடிக்கையாளரையும் விரட்ட வேண்டுமா என்று தோன்றுகிறது.

---

பாறசாலை_சிஸ்டர்

அக்கா, அரிப்பு வந்தவர் மறுபடி உங்களிடம் வர மாட்டார். எங்களிடம் வருவார். வருகிறவர்களிடம் "முன்பு ஜெல் போட்டபோது விரல் அரித்ததா, இமை வீங்கியதா?" என்று ஒரே கேள்வி மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்கு ஜெல் வேண்டாம், தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்துகொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சாதாரண நெயில் பாலிஷும் மருதாணியும் அழகாகவே இருக்கும். இதற்காக யாரும் உங்களை விட்டுப் போக மாட்டார்கள். இன்னும் நம்பி வருவார்கள்.

---

எட்டிமடை_மணப்பொண்ணு

நான் நெயில் ஆர்ட்டிஸ்ட் இல்லை. கார்த்திகையில் எனக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு கஞ்சிக்கோடு. வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் சத்யா (இலை போட்ட கல்யாண விருந்து), இந்தப் பக்கம் வரவேற்பு. என் பயமே சாப்பாடுதான். இலையில் கையால் சாப்பிட வேண்டும். அடைப் பிரதமனில் பப்படத்தையும் பழத்தையும் நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுவார்களே, அந்த வெல்லப்பாகு கல்லுக்குள் போனால் என்ன ஆகும்? மருதாணியும் நலங்கு மஞ்சளும் வேறு இருக்கிறது. எதை முதலில் செய்ய வேண்டும்?

---

களியக்காவிளை_சேச்சி

வாழ்த்துகள் கண்ணு. மருதாணி முதலில். மருதாணிக் கோனில் நீலகிரித் தைலம் மாதிரி எண்ணெய் கலந்திருக்கும். நகத்தில் எண்ணெய் இருந்தால் ஜெல்லே பிடிக்காது. மருதாணி போட்டு, நிறம் ஏறி, ஒரு நாளாவது கழிந்த பிறகு நகம். போடுகிறவரிடம் நகத்தை நன்றாகப் பஃப் செய்து, எண்ணெய்ப் பசையும் ஈரமும் எடுக்கும் டீஹைட்ரேட்டர் போடச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு வந்து உட்காராதீர்கள்.

நலங்கு மஞ்சள் வெளிர் நிற ஜெல்லில் மஞ்சளாகப் படியும். நலங்கு முடிந்த பிறகு நகம் போட முடியாது என்றால் மெரூன், பச்சை மாதிரி அடர் நிறமாகக் கேளுங்கள்.

சாப்பிடும் கையில் பெருவிரல், ஆள்காட்டி, நடு விரல் மூன்றிலும் கல் வேண்டாம். பிசைகிற விரல்கள் அவை. வலக்கையில் மோதிர விரலில் மட்டும், பின்பக்கமாகச் சின்னக் கற்கள். பெரிய கல்லை இடக்கை மோதிர விரலில் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம் போடும் போட்டோவில் எந்தக் கை வரும் என்பதை மட்டும் வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாகு ஒட்டினால் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி சோப்பு, குழந்தைகளுக்கான மெத்தென்ற டூத் பிரஷ். ஊசியால் குடையாதீர்கள்.

---

கொழிஞ்சாம்பாறை_நகக்கலை

கல்_தேடி அண்ணா, கல் வாங்குவது பற்றியும் சொல்லுங்கள். கோவை ஒப்பணக்காரத் தெருவில் ஒரு பாக்கெட் ஒரு விலை, அதே மாதிரி தெரிகிற இன்னொரு பாக்கெட் நாலு மடங்கு விலை. என்ன வித்தியாசம்?

---

கல்_தேடி

பெரும்பாலும் கண்ணாடியா, ரெசினா என்பதுதான். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி சில்லென்று இருக்கும், ரெசின் இருக்காது. கையில் எடுத்தால் கனமும் தெரியும். ரெசின், அக்ரிலிக் கல் சீக்கிரம் கீறல் விழுந்து மங்கும், அசிட்டோன் பட்டால் கரைந்து பால் நிறமாகும். கண்ணாடிக்கு அசிட்டோனால் ஒன்றும் ஆகாது.

திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டில் பிளவுஸ் வேலைக்கென்று அடுக்கி வைத்திருக்கும் ஹாட்ஃபிக்ஸ் கல்லை நகத்துக்கு எடுக்காதீர்கள். அதன் முதுகில் சூட்டில் உருகும் பசை பூசியிருப்பார்கள். ஜெல் கல்லைப் பிடிக்காது, அந்தப் பசையைத்தான் பிடிக்கும். முதுகு சாம்பல் நிறத்தில், தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் பெரும்பாலும் ஹாட்ஃபிக்ஸ். பளபளக்கும் வெள்ளி அல்லது தங்க நிற முதுகு இருந்தால் நகத்துக்கானது. முதுகு கூர்மையான கல் வேண்டாம். அதை உட்கார வைக்க ஆழமாக ஜெல் தேவைப்படும், அந்த ஆழத்துக்கு வெளிச்சம் போகாது.

ஸ்வரோவ்ஸ்கி என்று எழுதிய பாக்கெட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள். 1895-இல் ஆஸ்திரியாவின் வாட்டென்ஸில் தொடங்கிய அந்த நிறுவனம், கைவினைக்காரர்களுக்கு உதிரிக் கல் விற்பதை 2021-இல் நிறுத்திக்கொண்டது. பழைய சரக்கு கொஞ்சம் சுற்றிக்கொண்டிருக்கலாம், தெருவெல்லாம் கிடைக்காது. தரமான கல் வேண்டும் என்றால் செக் நாட்டு பிரெசியோசா இருக்கிறது. விலை அதிகம். பெரிய கல்லுக்கு மட்டும் அதை வாங்கி, சுற்றிலும் வைக்கச் சாதாரணக் கண்ணாடிக் கல் எடுத்தால் கட்டுப்படியாகும்.

---

நகரி_தறிவீதி

கழற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கல்லை நெம்பி எடுத்தால் நகமும் ஏடு ஏடாக வருகிறது.

---

களியக்காவிளை_சேச்சி

நெம்பவே கூடாது. நன்றாகப் பதித்த கல் நகத்தின் மேல்படலத்தையும் சேர்த்துத்தான் வரும். நிப்பரை (சின்ன வெட்டுக்குறடு) நகத்துக்குப் படுக்கையாக வைத்து, கல்லுக்கும் நகத்துக்கும் நடுவிலுள்ள ஜெல்லை வெட்டுங்கள், நகத்தைத் தொடாமல். கல் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மேலே ஒரு துணியும் பிடியுங்கள். கல் போனதும் மிச்ச ஜெல்லை 100 எண் ஃபைலால் தேய்த்து மெல்லியதாக்கி, அப்புறம் அசிட்டோன் பஞ்சு. கல்லோடு அசிட்டோனில் ஊற வைத்தால் மேலே இருக்கும் கல் அசிட்டோனை உள்ளே விடாது, மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஸ்டோன் ஜெல்லில் பலவும் ஊறிக் கரையாத வகை, அவற்றை ஃபைல் பண்ணித்தான் எடுக்க முடியும். இ-ட்ரில் (மின்சாரத்தில் சுழலும் ஃபைல்) இருந்தால் எளிது, ஆனால் கை பழகிய பிறகுதான் நகத்தருகே கொண்டுபோக வேண்டும்.

அதனால்தான் வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுவேன்: ஒரு கல் ஆடினால் நீங்களே பிடுங்காதீர்கள், கூப்பிடுங்கள், கழற்றிக் கொடுக்கக் காசு வாங்க மாட்டேன்.

---

எட்டிமடை_மணப்பொண்ணு

சேச்சி, வீட்டில் கேட்டுவிட்டேன். மோதிரம் வலக்கையில்தான் போடுவார்களாம். அப்படியானால் பெரிய கல்லை வலக்கைக்கு மாற்றலாமா?

---

களியக்காவிளை_சேச்சி

மாற்றலாம், ஆனால் அளவைக் குறைக்க வேண்டும். எஸ்எஸ் 20 வேண்டாம், எஸ்எஸ் 12 போதும், அது சுமார் 3 மி.மீ. சுற்றிலும் எஸ்எஸ் 5 வைத்து இடுப்பு வரை வளையம் கட்டச் சொல்லுங்கள். சத்யா முடித்து வாளையாறு தாண்டி வரவேற்புக்குப் போவதற்குள் ஒரு முறை பிரஷ் போட்டுவிட்டால் போதும்.